சிங்கப்பூரில் கார் வைத்திருப்போருக்கு: என்ஜின் பராமரிப்பில் எதை மிச்சம் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது

ஊரில் யாராவது கார் வாங்கினால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுது?" அடுத்தது, "சர்வீஸ் செலவு எப்படி?" 2021 மார்ச்சில் செங்காங்கில் பழைய கார் ஒன்றை வாங்கியபோது என் மனதிலும் இந்த இரண்டு கேள்விகள்தான் இருந்தன. நான்கு வயதான, 1,600 சிசி ஜப்பான் கார். வாங்கிய கையோடு ஒரு சர்வீஸ், ஆறு மாதத்தில் இன்னொன்று. அதற்கு அடுத்த முறை ஒரு பட்டறையில் 380 வெள்ளிக்குப் பட்டியல் நீட்டினார்கள். பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டேன். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று பதினாறு மாதம் என்ஜின் ஆயில் மாற்றவே இல்லை.

2023 ஜனவரியில் ஒரு காலை, வண்டியை எடுத்ததும் என்ஜினிலிருந்து தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். ஆயில் விளக்கு ஒரு நொடி மினுக்கி அணைந்தது. நண்பர் சொன்ன காக்கி புக்கிட் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ஜொகூரிலிருந்து தினமும் வேலைக்கு வரும் தமிழ்த் தம்பி ஒருவர், ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உள்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிக் காட்டினார். கறுப்பாக, சட்டியில் அடிப்பிடித்த அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?"

என்னிடம் பதில் இல்லை. என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், உள்ளே சுத்தம் செய்தது, கூலி என்று எல்லாம் சேர்த்து 2,350 வெள்ளி. நான் மிச்சம் பிடித்தது இரண்டு ஆயில் சர்வீஸ், அதாவது 240 வெள்ளி. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து முழுக் கணக்கையும் எழுதினேன். அந்தக் கணக்கை நீங்கள் கார் வாங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் ஓராண்டின் மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள்

என் காருக்கு ஓர் ஆண்டில் ஆகும் செலவு இது. ஆண்டுக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

தேய்மானம்: 8,000 வெள்ளி
கார் கடன் வட்டி: 750
சாலை வரி: 740
காப்புறுதி: 1,100
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மாதாந்தர கார் நிறுத்தக் கட்டணம்: 1,320 (கூரையுள்ள இடம், மாதம் 110)
வெளியிடங்களில் நிறுத்துவது: 600
இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்): 360
பெட்ரோல்: 2,600
கட்டாயப் பரிசோதனை: 35 (இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதில் பாதி)
டயர், பேட்டரி, பிரேக், ஏர்கான்: 600
வழக்கமான என்ஜின், கியர்பாக்ஸ் பராமரிப்பு: 400

மொத்தம் 16,505 வெள்ளி. மாதத்துக்கு 1,375. இதில் கடைசி வரியைப் பாருங்கள். நூறு வெள்ளி செலவானால் அதில் என்ஜினுக்குப் போவது இரண்டரை வெள்ளிகூட இல்லை. தேய்மானமோ கிட்டத்தட்ட ஐம்பது வெள்ளியைத் தின்கிறது. நான் இரண்டரை வெள்ளியைக் காக்கப் போய் என்ஜினைப் பணயம் வைத்திருக்கிறேன்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கும். பெரிய என்ஜின் என்றால் சாலை வரி கூடும். இங்கே ஓட்டுநர் உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவர், காப்புறுதியில் இழப்பீடு கேட்காமல் இருந்தால் கிடைக்கும் கோரிக்கையில்லாச் சலுகை இன்னும் சேராதவர் என்றால் முதல் ஆண்டு பிரீமியம் கசக்கும்; எனக்கு 1,800 ஆனது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, ஐந்து ஆண்டில் அந்தச் சலுகை 50 விழுக்காட்டைத் தொடும். கடன் வட்டியில் ஒன்றைக் கவனியுங்கள்: விற்பவர் சொல்லும் 2.5 விழுக்காடு ஃபிளாட் வட்டி, அதாவது கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கே போடும் வட்டி. என் 30,000 வெள்ளி, ஆறு ஆண்டுக் கடனுக்கு உண்மையில் விழுந்தது ஏறத்தாழ 4.7 விழுக்காடு.

2. தேய்மானத்தை வாங்கும் முன்பே கணக்கிடுங்கள். பிறகு அதை மாற்ற முடியாது

இங்கே கார் வாங்குவது என்றால் இரும்பை மட்டும் வாங்குவதல்ல. சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழில் மிச்சமிருக்கும் மாதங்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். அது பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் வண்டியின் பதிவை நீக்கினால், பதிவு செய்தபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதை எல்லாரும் பார்ஃப் என்பார்கள். என் கார் 2017 மார்ச்சில் பதிவானது, கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 18,000. பத்தாவது ஆண்டில் அதில் பாதி, 9,000 வெள்ளி, திரும்ப வரும். பார்ஃப் விகிதமும் உச்சவரம்பும் கார் எப்போது பதிவானது என்பதைப் பொறுத்தவை. ஆகவே என் விகிதத்தை உங்கள் காருக்கு அப்படியே போடாதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் உங்கள் வண்டிக்கு உரியதைப் பாருங்கள்.

கணக்கு எளிது. விலையிலிருந்து பத்தாம் ஆண்டு பார்ஃபைக் கழியுங்கள். வருவதை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுங்கள். நான் கொடுத்தது 57,000. அதில் 9,000 போக 48,000, ஆறு ஆண்டு, ஆக ஆண்டுக்கு 8,000.

அதே வாரம் இன்னொரு கார் 55,000 வெள்ளிக்கு வந்தது. 2,000 வெள்ளி குறைவு என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் மிச்சம் நாலரை ஆண்டுதான். பார்ஃப் 9,500. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 10,100 வெள்ளிக்குமேல். வித்தியாசம் ஆண்டுக்கு 2,100. என் ஐந்து ஆண்டு என்ஜின் பராமரிப்புச் செலவைவிட அதிகம்! மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். நல்லவேளையாக அன்று என்னோடு வந்த நண்பர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். தனியாகப் போயிருந்தால் அந்தக் காரைத்தான் வாங்கியிருப்பேன்.

3. வாங்கும் முன் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

முதலாவது, வாகனப் பதிவு விவரம். பேச்சு வழக்கில் லாக் கார்டு. உரிமையாளர் தன் சிங்பாஸ் மூலம் உள்ளே போய் எடுத்துத் தரவேண்டும். முதல் பதிவுத் தேதி, எத்தனை கை மாறியது, சிஓஇ முடியும் தேதி, கட்டிய சிஓஇ தொகை, கூடுதல் பதிவுக் கட்டணம், குறைந்தபட்ச பார்ஃப் எல்லாம் அதில் இருக்கும். மேலே சொன்ன கணக்குக்குத் தேவையான எண்கள் எல்லாமே இந்த ஒரே தாளில் கிடைத்துவிடும். விற்பவர் வாயால் சொல்லும் "தேய்மானம் ஏழாயிரத்துச் சொச்சம்தான்" என்பதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, சர்வீஸ் பதிவு. முத்திரை குத்திய புத்தகமாக இருக்கலாம், ரசீதுக் கட்டாக இருக்கலாம். தேதியும் கிலோமீட்டரும் படிப்படியாக ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடுவில் ஓர் ஆண்டு காணவில்லை என்றால், அந்த ஓர் ஆண்டில் ஆயில் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். தன் காரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர் ரசீதுகளைப் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்.

மூன்றாவது, மூன்றாம் தரப்புச் சோதனை அறிக்கை. விக்காம், எஸ்டிஏ போன்ற பரிசோதனை நிலையங்களில் பழைய காரை வாங்கும் முன் சோதித்துத் தருவார்கள். ஓரிரு நூறு வெள்ளி செலவாகும். விற்பவர் "எங்களுக்குத் தெரிந்த இடத்தில் பார்த்துவிட்டோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொல்லும் இடத்துக்கு வண்டி வரவேண்டும். சோதனைக்கு மறுத்தால் வேறு கார் பாருங்கள்.

வணிகரிடம் வாங்கினால் 2012 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) பழைய காருக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. வண்டியின் வயதுக்கு இயல்பான தேய்மானம் இதில் சேராது. தனியாள் ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது.

4. எதை எப்போது மாற்றுவது

காரின் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு: சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடுமையான ஓட்டத்துக்கு ஒன்று. சிங்கப்பூர்ச் சாலைகள் வழவழப்பாக இருக்கின்றனவே, நமக்கு என்ன கடுமை என்று நினைப்போம். ஆனால் காலையில் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து எம்ஆர்டி வரை இரண்டு கிலோமீட்டர், பிள்ளைக்காகப் பத்து நிமிடம் ஏர்கானைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது, வார இறுதியில் உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போவது, இவையெல்லாம் கடுமையான ஓட்டம்தான். ஓடோமீட்டர் நகராவிட்டாலும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. குறுகிய தூரத்தில் ஆயில் நன்றாகச் சூடாகாது. அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கும். என் மூடியில் ஒட்டியிருந்த கறுப்புக் களிம்பு இப்படிச் சேர்ந்ததுதான்.

நான் இப்போது கடைப்பிடிப்பது இது. முழு சிந்தெட்டிக் ஆயில், அதோடு ஆயில் ஃபில்டர்: 8,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அது. என் காருக்கு 0டபிள்யூ-20 என்ற ஆயில் வகை. உங்களுக்கு எது என்று கையேடும் பல நேரம் ஆயில் மூடியுமே சொல்லும். பட்டறையில் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் "அடுத்தது 5,000 கிலோமீட்டரில்" என்று எழுதியிருந்தால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதா ஆயில் காலத்துப் பழக்கம் அது.

சிவிடி (ஒருவகைத் தானியங்கி) கியர்பாக்ஸ் ஆயிலை 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், 180 வெள்ளி. "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கியர்பாக்ஸ் போனால் ஆயிரக்கணக்கில் போகும். இரிடியம் ஸ்பார்க் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று: தண்ணீர் ஊற்றாதீர்கள், நிறம் மாற்றிக் கலக்காதீர்கள்.

ஏர் ஃபில்டரையும் கேபின் ஃபில்டரையும் நீங்களே மாற்றலாம். டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஃபில்டர் 15 வெள்ளி. பட்டறையில் 45 கேட்டார்கள்.

மாதம் ஒருமுறை ஆயில் அளவுக் கம்பியைப் பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கம்பியை உருவுங்கள். டிஷ்யூவால் துடைத்து மறுபடி முழுக்கச் சொருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஈரம் நிற்க வேண்டும். அந்த டிஷ்யூவில் பழுப்பாகப் படிந்தால் சரி. கெட்டியாக, தீய்ந்த வாசனையோடு இருந்தால் நாள் தள்ளாதீர்கள்.

5. எங்கே கொடுப்பது

புதுக் கார் வாங்கியவர்களில் பலர், முகவரின் சொந்த சர்வீஸ் நிலையத்துக்குப் போகாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். 2017-இல் போட்டித்தன்மை ஆணையம் இதில் தலையிட்டது. வெளியே சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையைப் பெரிய கார் முகவர்கள் அதன்பின் நீக்கிக்கொண்டார்கள். வெளிப் பட்டறையின் வேலையால்தான் குறிப்பிட்ட பழுது வந்தது என்றால் மட்டும் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். ஆனாலும் உங்கள் உத்தரவாதத் தாளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வெளியே செய்தால் என்ன ஆயில், எந்த ஃபில்டர் என்று எழுதிய ரசீது கட்டாயம் வேண்டும்.

உத்தரவாதம் முடிந்த காருக்கு என் தேர்வு வெளிப் பட்டறைதான். காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் வரிசையாக இருக்கின்றன. ஒரே வேலைக்கு மூன்று இடத்தில் வாட்ஸ்அப்பில் விலை கேளுங்கள். கேட்கும்போது கார் மாடல், ஆண்டு, ஆயில் வகை, எத்தனை லிட்டர், ஃபில்டர் சேர்த்தா, பொருள் சேவை வரி சேர்த்தா என்று எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். எனக்கு ஆயில் சர்வீஸ் 120 வெள்ளி ஆகிறது. முகவரிடம் இதே வேலைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள்.

ஜொகூர் பாரு மலிவுதானே என்று எல்லாரும் கேட்பார்கள். டயருக்குப் போவதில் அர்த்தம் உண்டு. ஆயில் சர்வீஸுக்குப் போவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்கு இல்லாமல் எல்லை தாண்டினால் 500 வெள்ளி வரை அபராதம், மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேறு வேண்டும், பாலத்தில் நெரிசல் வேறு. எல்லாவற்றையும்விட, வேலையில் குறை இருந்தால் மறுபடி அவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும். ஐம்பது வெள்ளி மிச்சத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்விடும்.

6. பட்டறையில் ஏமாறாமல் இருக்க

என் தவறு ஆரம்பித்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த 380 வெள்ளிப் பட்டியலில் ஆயில் மாற்றம் 130 வெள்ளிதான். மீதி எல்லாம் என்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் சுத்தம், த்ராட்டில் பாடி சுத்தம், ஆயிலில் கலக்கும் ஏதோ ஒரு திரவம். "இதெல்லாம் செய்யாவிட்டால் என்ஜின் தாங்காது" என்றார்கள். எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கத் தெரியாததால் மொத்தத்தையும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். தேவையான 130 வெள்ளி வேலையும் அதோடு போனது.

இப்போது இப்படிச் செய்கிறேன். வண்டியை விடும்போதே, "ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மட்டும். வேறு எது செய்வதானாலும் படம் எடுத்து அனுப்பி, விலை சொல்லி, நான் சரி என்ற பிறகு செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவேன். வாயால் சொல்வது போதாது. கூடுதல் வேலை சொன்னால் மூன்று கேள்வி: கையேட்டு அட்டவணையில் இருக்கிறதா? வண்டியில் அதற்கான அறிகுறி ஏதாவது தெரிகிறதா? அடுத்த சர்வீஸ் வரை தள்ளினால் என்ன ஆகும்? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். காக்கி புக்கிட் தம்பி ஒருமுறை, "இது இப்ப வேணாம்ணே, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று தானே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவரிடம்தான் போகிறேன்.

இன்னொரு பொறி, விளம்பர விலை. "79 வெள்ளி" என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அது நாலு லிட்டர் வரைக்கும்தான் என்பார்கள். என் என்ஜினுக்குத் தேவை 4.2 லிட்டர். அந்த 0.2 லிட்டருக்காக இன்னொரு டப்பா உடைக்கப்பட்டு, அதன் முழு விலையும் ரசீதில் ஏறும். உங்கள் என்ஜின் எத்தனை லிட்டர் குடிக்கும் என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் ஆயிலை டப்பாவோடு கேட்டு வாங்குங்கள், அது உங்கள் காசு.

மாற்றிய பழைய உதிரிபாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை மூன்றும் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் இதைத்தான் கேட்பார்.

7. சர்வீஸையும் சாலை வரியையும் ஒரே வரிசையில் கோத்துவிடுங்கள்

மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. பத்துக்குமேல் ஆண்டுதோறும். பரிசோதனையில் தேறாமல், காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. தாமதத்துக்குத் தனிக் கட்டணம்.

அதனால் சாலை வரி முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது ஆயில் சர்வீஸ், அடுத்த வாரம் பரிசோதனை, பிறகு காப்புறுதி, கடைசியாகச் சாலை வரி. இந்த வரிசையில் போனால், புகை அளவிலோ ஆயில் கசிவிலோ பரிசோதனையில் நின்றாலும் சரிசெய்ய நாள் இருக்கும். சென்ற முறை பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை என்று எனக்கு நின்றது. ஐந்து வெள்ளி பல்ப்தான். கடைசி நாளில் போயிருந்தால் அதற்கே அலைந்திருப்பேன்.

8. பெரிய பழுது வந்தால் மிச்ச மாதங்களால் வகுங்கள்

ஊரில் என்ஜின் நன்றாக இருந்தால் காருக்கு மதிப்பு. இங்கே மதிப்பின் பெரும்பகுதி தாளில் இருக்கிறது. இதை எழுதும் 2025 டிசம்பரில் என் சிஓஇயில் 15 மாதம் மிச்சம். இன்று என்ஜின் அடியோடு நின்றுபோனாலும், பதிவை நீக்கினால் பார்ஃப் 55 விழுக்காடு, 9,900 வெள்ளி. கட்டிய சிஓஇ சுமார் 50,000. அதில் 120 மாதத்தில் 15 மாதப் பங்கு 6,250. இரண்டும் சேர்ந்து 16,000 வெள்ளிக்குமேல் கைக்கு வரும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மெக்கானிக்கிடம் நிதானமாகப் பேச முடிகிறது.

பழுதுச் செலவை மிச்ச மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஏர்கான் கம்ப்ரஸர் போனது, 850 வெள்ளி. அப்போது 30 மாதம் இருந்தது; மாதம் 28 வெள்ளி. யோசிக்காமல் மாற்றினேன். போன மாதம் டைமிங் கவர் ஓரத்தில் லேசாக ஆயில் ஈரம். பிரித்து ஒட்ட 1,100 என்றார்கள். 15 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 73. சொட்டவில்லை, வியர்த்ததுபோல ஈரம் மட்டும்தான். சொட்டினால் பரிசோதனையில் நிறுத்துவார்கள். ஆகவே துடைத்துவிட்டு, கம்பியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

பிரேக், டயர், ஸ்டியரிங் மூன்றுக்கும் இந்த வகுத்தல் கூடாது. ஒரு மாதம்தான் மிச்சம் என்றாலும் மாற்றித்தான் ஆகவேண்டும். பிள்ளைகள் பின்னிருக்கையில் உட்கார்ந்து வருகிற வண்டி.

9. பத்தாம் ஆண்டில்

இரண்டு வழி. பதிவை நீக்கிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அல்லது சிஓஇயை ஐந்து, பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் தொகை கடைசி மூன்று மாத ஏலங்களின் சராசரி; ஐந்து ஆண்டுக்கு அதில் பாதி. ஐந்து ஆண்டு எடுத்தால் அதன்பிறகு மறுபடி நீட்டிக்க முடியாது. ஐந்தோ பத்தோ, புதுப்பித்தாலே பார்ஃப் போய்விடும். என் கணக்கில் அந்த 9,000 வெள்ளியும் புதுப்பிக்கும் செலவுதான். பலர் இதைச் சேர்க்காமல் விடுகிறார்கள். சாலை வரியிலும் பத்து விழுக்காடு கூடுதல் தொடங்கி, ஆண்டுக்குப் பத்தாக ஏறி 50 வரை போகும்.

2025-இன் இரண்டாம் பாதியில் சிறிய கார் பிரிவு சிஓஇ பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. கணக்குக்கு ஒரு லட்சம் என்றே வையுங்கள். பார்ஃபைச் சேர்த்தால் 109,000. பத்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 10,900. இவ்வளவு கொட்டிப் புதுப்பிப்பவர் என்ஜினில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. புதுப்பிக்கும் முன் என்ஜின் கம்ப்ரஷன் சோதனையும் கியர்பாக்ஸ் சோதனையும் செய்து, சரிசெய்ய ஆகும் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 5,000 வெள்ளி வேலை என்றாலும் 120 மாதத்துக்கு மாதம் 42 தான்.

நான் புதுப்பிக்கப் போவதில்லை. 2026 மார்ச்சில் பரிசோதனை இருக்கிறது; அதற்கு முன் பிப்ரவரியில் ஓர் ஆயில் சர்வீஸ். ஆகஸ்டில் இன்னொன்று. 2027 பிப்ரவரியில் வரவேண்டியதை மட்டும் விட்டுவிடுவேன், ஏனென்றால் அந்த மாதமே வண்டியை ஒப்படைத்துவிடலாம் என்றிருக்கிறேன். பழைய வண்டியை உடைப்பவர், ஏற்றுமதி செய்பவர் என்று நாலு பேரிடமாவது வண்டியின் உடலுக்கு என்ன விலை தருவார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு 2027 ஜனவரி முதல் வாரத்திலேயே போன் போடுவதாக நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.